ஆனை கொண்டுபோன தூக்குச்சட்டி

ஆவுடையப்பன் பொய் சொல்லுவான்னு சங்கரன்கோவில்ல யாரும் சொன்னதில்ல. உள்ளதக் கொஞ்சம் ஊதிச் சொல்லுவான், அம்புட்டுதான். மோட்டார் பம்பு விக்கிற கடையில சேல்ஸ்மேன். கிணறே இல்லாத ஒருத்தருக்கு மோட்டார வித்துட்டு, "இத வாங்கி வீட்டுல வச்சாப் போதும் அண்ணாச்சி, தண்ணி தானாத் தேடிக்கிட்டு வரும்"னு சொன்ன ஆளுன்னு அவனப் பத்தி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சையும் அவன்தான் கிளப்பிவிட்டது.

அப்பேர்ப்பட்ட வாய்க்காரன், அன்னைக்கு மத்தியானம் வால்பாறைக்கு அங்கிட்டு ஒரு மழைக்காட்டுக்குள்ள, ஓடைக்கரைப் பாறையில உக்காந்து, ஒரு வார்த்தையும் ஓடாம முழிச்சிக்கிட்டு இருந்தான். மடியில ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. சட்டிக்குள்ள ஒண்ணும் இல்ல. அதுல இருந்ததெல்லாம் இப்ப அவன் வயித்துல இருந்துச்சு.

கல்யாணம் முடிஞ்சு முதல் தடவையா மாமியார் வீட்டோட சேந்து லீவுக்கு வந்திருந்தான். பொண்டாட்டி வடிவு, மாமியார் உலகம்மாள், வடிவோட அக்கா புருசன் தளவாய். அக்காக்காரி பிள்ளைகளுக்குச் சளின்னு லாட்ஜிலயே தங்கிட்டா. காட்டச் சுத்திக் காட்ட ஜெயசீலன்னு ஒரு கைடு. காலையில காட்டு வாசல்ல வச்சு அவன் எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னான். வரிசையா நடக்கணும், யாரும் பின்தங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. சாப்பாட்டுச் சுமை எல்லாம் வேண்டாம், பிஸ்கட் பாக்கெட்டு இருந்தாப் போதும்னான். உலகம்மாள் அவன ஏற இறங்கப் பாத்தா. "புது மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போயி பிஸ்கட்டுக் குடுத்துக் கூட்டியாந்தேன்னு நான் ஊர்ல போயிச் சொல்லவா?"ன்னு கேட்டா. தூக்குச்சட்டி ஆவுடையப்பன் கைக்கு வந்துச்சு. "பத்திரம் மாப்பிள"ன்னு மட்டும் சொன்னா.

மேடு ஏற ஏற அவனுக்கு மூச்சு வாங்குச்சு. அட்டை வேற. ஒரு காலப் பாத்துக்கிட்டு இருக்கையில மறு காலுல ஏறுது. மத்தவிய முன்னால போயிட்டாவ. ஓடைக்கரையில உக்காந்து அட்டையத் தட்டிவிட்டவன், மூடி சரியா இருக்கான்னு பாக்கத் தொறந்தான். பாக்கத்தான் தொறந்தான். நல்லெண்ணெய் வாசனையும் பொரிச்ச வத்தல் வாசனையும் மூஞ்சில அடிச்சுச்சு. புளிச்சோத்துக்கு மேல அவிச்ச முட்டைய வட்டமா அடுக்கி, நடுவுல கோழி வறுவலக் குவிச்சு வச்சிருந்தா உலகம்மாள்.

ஒரு முட்டைய எடுத்தான். எடுத்த இடத்துல குழி விழுந்துருச்சு. குழி இருந்தாக் கண்டுபிடிச்சிருவாவளேன்னு சுத்தி இருந்த சோத்தத் தின்னு மட்டம் பண்ணுனான். அப்ப எதிர்ப்பக்கம் மேடாத் தெரிஞ்சுச்சு. அதையும் மட்டம் பண்ணுனான். நடுவுல கோழி மட்டும் கோபுரமா நின்னுச்சு. அதையும் கொஞ்சம் தணிச்சான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு சமம் பண்ணிக்கிட்டே வந்ததுல ஒரு கட்டத்துல சட்டியோட அடி பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல மட்டம் பண்ண ஒண்ணும் இல்ல.

பசிச்சவிய திட்டுவாவளேன்னு அவனுக்குப் பயம் இல்ல. திட்டு ஒரு நாளோட போயிரும். பேருதான் போகாது. உலகம்மாள் வீட்டுல மாப்பிள்ளைமாருக்குப் பேரு வைக்கிற வழக்கம் ஒண்ணு உண்டு. தளவாய் நிச்சயதார்த்தப் பந்தியில மூணாவது தடவையும் பாயசம் கேட்டுட்டாரு. பரிமாறிக்கிட்டு இருந்த உலகம்மாள் வாயில இருந்து "பாயச மாப்பிள"ன்னு ஒரு சொல்லு வந்து விழுந்துச்சு. இன்னைக்கு அவரு ஒரு பள்ளிக்கூடத்துக்கே ஹெட்மாஸ்டரு. தலையில பாதி முடி இல்ல. ஆனா மாமியார் தெருவுல நுழைஞ்சா "பாயச மாமா வந்துட்டாவ"ன்னுதான் பிள்ளைக சத்தம் போடும். கோவம் வந்தா அவரு பொண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுதா. பாயசத்துக்கே இந்தக் கதின்னா, ஒரு குடும்பத்துச் சோத்தையும் ஒத்தையாளாத் தின்னவனுக்கு என்ன பேரு விழும்? நினைக்க நினைக்க ஆவுடையப்பனுக்கு அந்தக் குளிருலயும் வேர்த்துச்சு.

வெறுஞ்சட்டியோட போனா மாட்டிக்கிடுவோம். சட்டியே இல்லேன்னா? மூடியப் போட்டு, சட்டியத் தூக்கி ஓடையில விட்டான். அது ஒரு சுத்து சுத்திட்டு வளைவுல போயி மறைஞ்சுருச்சு. ஆவுடையப்பன் வாயத் தொடச்சுக்கிட்டான்.

அந்நேரம் ஜெயசீலன் மூச்சிரைக்க ஓடியாந்தான். "சார், எங்க போனீங்க? கூட்டிட்டு வந்த ஆளத் தொலைச்சேன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா எனக்கு நாளைக்கு வேலை இருக்காது சார்."

ஆவுடையப்பனுக்கு அப்பத்தான் உசுரு திரும்ப வந்துச்சு. "பயப்படாத தம்பி. நீ என்னயத் தொலைச்சத நான் சொல்ல மாட்டேன். நான் என்ன சொன்னாலும் நீ தலைய ஆட்டணும். சரியா?"

ஜெயசீலன் அப்பவே தலைய ஆட்டுனான்.

ரெண்டு பேரும் மேட்டுக்கு மேல வந்து சேந்தா, அங்க கெடந்தவிய கெடப்பப் பாத்து ஆவுடையப்பனுக்கு நெஞ்சு பதறிருச்சு. வடிவு பையத் தலைக்கு வச்சு, கண்ண மூடி நீட்டிப் படுத்திருக்கா. பசி மயக்கம். தளவாய் ஒரு மரத்துல சாஞ்சு, பெல்ட்டத் தளத்திவிட்டு, வாயத் தொறந்து மூச்சு விடுதாரு. பசியில இடுப்பு சுருங்கி பெல்ட்டு நிக்கல போல. உலகம்மாள் மட்டும் நிமிந்து உக்காந்து வெத்தலை மென்னுக்கிட்டு இருக்கா. பாவம், பசிய வெத்தலையில அமத்துதா. பின்னாலயே வந்த ஜெயசீலன் நீளமா ஒரு ஏப்பம் விட்டான். அதுவும் வெறும் வயித்துக் காத்துதான்னு ஆவுடையப்பன் நினைச்சுக்கிட்டான்.

உலகம்மாள் அவன் மூஞ்சியப் பாத்தா. அப்புறம் கையப் பாத்தா.

"வாங்க மாப்பிள. தூக்குச்சட்டி எங்க?"

வந்துருச்சு கேள்வி. ஆவுடையப்பன் தொண்டையச் செருமிக்கிட்டு ஒரு கல்லுல உக்காந்தான். வயிறு இடிச்சுச்சு. சட்டையத் தளத்தி விட்டுக்கிட்டான்.

"அத்தை, சட்டி கெடக்கட்டும். நான் உசுரோட வந்து சேந்ததுக்கு ஊருக்குப் போனதும் ஒரு தேங்காய ஒடைங்க. இங்க நீங்க பாத்ததெல்லாம் அட்டையே இல்ல. அதெல்லாம் குஞ்சு. எனக்குத் தாய் அட்டை வந்துச்சு. சைக்கிள் டியூப்பு இருக்குல்லா, அந்தத் தண்டி. முட்டிக்குக் கீழ வாய வச்சு ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, எனக்கு ரெண்டு காதும் அடைச்சுப் போச்சு."

"காலு நல்லாத்தான வே இருக்கு?" தளவாய் கண்ணத் தொறக்காமலே கேட்டாரு.

"இருக்கும்லா அண்ணாச்சி. நம்ம ரத்தம் சங்கரன்கோவில் வெயில்ல காஞ்ச ரத்தம். குளுந்த எடத்துல பொறந்து வளந்த அட்டைக்கு அது தாங்குமா? ரெண்டு மடக்குதான் குடிச்சுச்சு. அப்படியே கண்ணு சொருகி மல்லாந்துருச்சு. நான்தான் ஓடைத் தண்ணிய அள்ளி மூஞ்சில தெளிச்சு எழுப்பிவிட்டேன். எந்திரிச்சு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போச்சு."

"அட்டைக்கு ஏது கையி?" இது வடிவு. அவளும் கண்ணத் தொறக்கல.

"கையில்லாமலே கும்பிட்டுச்சுங்கேன். அந்த மரியாதையத்தான சொல்லுதேன்."

உலகம்மாள் கைடப் பாத்தா. ஜெயசீலன் தலைய ஆட்டிக்கிட்டே, "ஆமாங்கம்மா. சின்ன அட்டைதான் மரியாதை தெரியாதது. பெருசு அப்படி இல்ல"ன்னான்.

"சரி மாப்பிள. சட்டி எங்க?"

"அங்கதான் வாறேன் அத்தை. அட்டைய அனுப்பிட்டு நிமிருதேன், மரத்துக்கு மரம் சிங்கவால் குரங்கு. குடும்பம் குடும்பமா உக்காந்திருக்கு. அதுல தாடி வச்ச பெரியவரு ஒருத்தரு இறங்கி வந்து கைய நீட்டுதாரு. வாயில்லா சீவன், இல்லேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஒரு முட்டைய எடுத்துக் குடுத்தேன். மோந்து பாத்துட்டுத் திருப்பிக் கையில குடுத்துட்டாரு. என்னடான்னு பாத்தா, இன்னைக்கு சனிக்கிழமை."

தளவாய் ஒரு கண்ணத் தொறந்தாரு. "குரங்குக்குச் சனிக்கிழமை விரதமா?"

"அது எந்தச் சாமியக் கும்பிடுதோ, நமக்கு எதுக்கு அண்ணாச்சி? சோறு மட்டும் போதும்னுட்டாரு. அம்புட்டுதான். எல்லாம் இறங்கி, ஆளுக்கொரு இலையப் பறிச்சுப் போட்டு, வரிசையா பந்திக்கு உக்காந்துட்டு. பரிமாற நான் ஒத்தையாளு. கடைசி வரிசைக்கு நான் போய்ச் சேரையில முதல் வரிசை இலைய மடிச்சுட்டு எந்திரிக்கு. அவ்வளவு ஒழுக்கம். ஒரே ஒரு குரங்குதான் மூணாவது தடவையும் கேட்டுச்சு. மத்த குரங்கெல்லாம் அதத் திரும்பிப் பாத்துச்சு பாருங்க ஒரு பார்வை."

தளவாய் தொறந்த கண்ணத் திரும்ப மூடிக்கிட்டாரு. வடிவுக்குத் தோள் குலுங்குச்சு. உலகம்மாள் மட்டும் சிரிக்கல.

"சோறு குரங்குக்குப் போச்சு. சரி. சட்டி?"

மனுசி பசியில ஒரே சொல்லப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதாளேன்னு ஆவுடையப்பனுக்குக் கலக்கமா இருந்துச்சு. இன்னும் கணக்குல முட்டையும் கோழியும் மிச்சம் இருந்துச்சு. அதுக்கு ஒரு வழி பண்ணாம விட முடியாது.

"முட்டையும் கோழியும் சட்டியில இருக்குல்லா அத்தை. அந்த வாசனைக்குப் புலி வந்துருச்சு."

வடிவு எந்திரிச்சு உக்காந்தா. உலகம்மாள் வெத்தலைய ஒரு கன்னத்துக்கு ஒதுக்குனா. "மனுசனக் கண்டா புலி ஒதுங்கிப் போயிரும்னு காலையில இந்தத் தம்பி சொல்லுச்சே."

எல்லாரும் ஜெயசீலனப் பாத்தாவ. அவன் வானத்தப் பாத்தான். அங்க மரந்தான் தெரிஞ்சுச்சு. "போயிரும்மா. ஆனா நல்ல சமையல் வாசனைன்னா நின்னு பாக்கும்."

"நின்னுச்சு அத்தை. நானும் நின்னேன். அதுக்கும் எனக்கும் நடுவுல உங்க கோழி வறுவல். ஒரு துண்ட எடுத்து வீசுனேன். வாயில போட்டு ஒரு மெல்லு மெல்லுச்சு. அதோட கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி. காரம்னு நினைச்சேன். காரமே இல்ல. பொறந்ததுல இருந்து பச்சைக்கறியாத் தின்ன நாக்கு. இப்படி ஒரு ருசி உலகத்துல இருக்குன்னே அதுக்கு இம்புட்டு நாளாத் தெரியல. இத்தன வருசத்த வீணாக்கிட்டமேங்கிற ஏக்கத்துல அழுவுது. எலும்பக்கூட விடல. முட்டைய நக்கி நக்கித் தின்னுச்சு. முடிச்சிட்டு என் தோள்ல கைய வச்சு, இன்னும் இருக்காங்கிற மாதிரி ஒரு பார்வை. இல்லப்பா, எங்க அத்தை சங்கரன்கோவில்ல இருக்காவ, தீபாவளிக்கு வான்னுட்டேன்."

"எனக்கு இருக்கிற சோலி பத்தாதுன்னு புலிக்கும் சேத்துப் பொங்கணுமாக்கும்" வடிவு முனங்குனா.

உலகம்மாள் முகம் கொஞ்சம் இளகின மாதிரி இருந்துச்சு. "புலிக்குப் பிடிச்சுச்சு, சரி. உங்களுக்கு எப்படி இருந்துச்சு மாப்பிள? உப்பு, காரமெல்லாம்?"

இதுல சிக்குற ஆளா ஆவுடையப்பன்? "நான் ஒரு பருக்கை தொடல அத்தை. இங்க நீங்க எல்லாரும் இருக்கையில என் கை அதுக்குள்ள போகுமா?"

"ஒரு வாய்கூடவா திங்கல?"

"ஒரு வாய்கூட இல்ல."

உலகம்மாள் முகம் சுண்டிப்போச்சு. அது ஏன்னு அவனுக்கு விளங்கல. பசியில வாடுதாவன்னு எடுத்துக்கிட்டான். அவ முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு, "சரி. சட்டி?"ன்னா.

இனி இழுக்க முடியாது. ஆவுடையப்பன் எந்திரிச்சு நின்னான். பெரிய சரக்க விக்கையில எந்திரிச்சு நிக்கிறதுதான் அவன் கடையில பழக்கம்.

"சட்டிய ஆனை வாங்கிட்டுப் போயிட்டு அத்தை."

உலகம்மாள் வெத்தலை மெல்லுறத நிறுத்துனா.

"வெறுஞ்சட்டியத்தான் கழுவி எடுத்துக்கிட்டு ஓடி வாறேன், எப்படியாவது சட்டியையாவது உங்ககிட்ட சேத்துரணும்னு. வழியில ஒரு ஆனை குட்டியக் குளிப்பாட்டிக்கிட்டு நிக்கி. தும்பிக்கையில ஊத்துனா தண்ணி கண்ணுல அடிக்குன்னு குட்டி கெடந்து கத்துது. பெத்தவளால சமாளிக்க முடியல. என் கையில இருந்த சட்டியப் பாத்துட்டு, தும்பிக்கைய நீட்டுச்சு. மாட்டேன்னுதான் சொன்னேன். இது எங்க அத்தை சட்டி, பேரு வெட்டியிருக்கு பாருன்னு காட்டுனேன். சட்டிய வெளிச்சத்துக்குத் திருப்பிப் படிச்சுச்சு அத்தை. ச. உலகம்மாள். படிச்ச உடனே அம்புட்டு பெரிய உருவம் ரெண்டு முட்டியையும் மடக்கி, சங்கரன்கோவில் எந்தத் திசையில இருக்கோ அந்தத் திசையப் பாத்து ஒரு சலாம் வச்சுச்சு. அதுக்கு மேல எப்படி அத்தை இல்லேன்னு சொல்ல?"

"படிச்சுச்சா?"ன்னா உலகம்மாள்.

"எழுத்துக் கூட்டித்தான் படிச்சுச்சு. ஆனா தப்பில்லாமப் படிச்சுச்சு."

ஹெட்மாஸ்டர் தளவாயால அதுக்கு மேல பொறுக்க முடியல. "ஆனைக்கு யாருவே அனா ஆவன்னா சொல்லிக் குடுத்தது?"

ஜெயசீலன யாரும் கேக்கவே இல்ல. அவனாவே முன்னால வந்தான். "அது படிச்ச ஆனைதான் சார். எஸ்டேட் பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு வெளியதான் எப்பவும் நிக்கும். கணக்குதான் அவ்வளவா வராது."

ஆவுடையப்பன் அவன நன்றியோட பாத்தான். சோறு, முட்டை, கோழி, சட்டி, எல்லாத்துக்கும் கணக்குத் தீந்துருச்சு. ஒருத்தரும் திட்டல. ஒரு பேரும் விழல. பாறையில சாஞ்சு உக்காந்து, அடக்கி வச்சிருந்த ஏப்பத்த வாயப் பொத்தி மெதுவா விட்டான்.

உலகம்மாள் வெத்தலையத் துப்பிட்டு வாயத் தொடச்சா. "அப்ப நீங்க காலையில இருந்து பட்டினியால்லா இருக்கீய."

"என்னய விடுங்க அத்தை. எனக்கு ஒரு நாள் பட்டினி பெருசில்ல. நீங்க எல்லாரும் பசியில சுருண்டு கெடக்கிறதப் பாக்கத்தான் எனக்கு வயித்தப் பிசையுது."

தளவாய் ரெண்டு கண்ணையும் தொறந்தாரு. "யாருவே பசியில கெடக்கா?"

"நாங்க இட்லிப் பொட்டலத்தப் பிரிச்சுத் தின்னு ஒரு தூக்கமும் போட்டாச்சே"ன்னா வடிவு. "இந்தத் தம்பியையும் விடாம அம்மா நாலு இட்லியத் திங்க வச்சுத்தான் உங்களத் தேட அனுப்புனா. தூக்குல இருந்தது உங்களுக்குன்னு அம்மா தனியா ஆக்குனதுல்லா. காலையில ஜீப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்க எங்க கேட்டீய? கடல்ல மோட்டாரப் போட்டுத் தண்ணி எறைச்ச கதைய டிரைவர்கிட்ட சொல்லிக்கிட்டு வந்தீய."

ஆவுடையப்பனுக்குத் தின்ன சோறெல்லாம் அப்படியே கல்லா இறுகிப் போச்சு. சட்டியக் காலி பண்ணிட்டு, வாயெல்லாம் எண்ணெயா, நல்லா ஏப்பம் விட்டுக்கிட்டு வந்து நின்னிருந்தா, அந்த மனுசிக்கு அதவிடப் பெரிய சந்தோசம் இருந்திருக்காது. மாப்பிள்ளைக்குப் பத்தாமப் போயிரக் கூடாதேன்னு சட்டி நிறைய அமுக்கி அமுக்கி வச்சு அனுப்புனவ அவ. வாயத் தொறந்தான். அவனுக்கே ஆச்சரியம், ஒரு பொய்யும் வரல.

தளவாய் பெல்ட்ட இறுக்கிக்கிட்டு நல்லா நிமிந்து உக்காந்தாரு. அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த நாள்ல இருந்து அவரு முகத்துல அப்படி ஒரு தெளிச்சிய வடிவு பாத்ததில்ல. "வாரும் ஆனை மாப்பிள, பக்கத்துல வந்து உக்காரும்"னாரு. "யோசிச்சுப் பாத்தா பாயசம்ங்கிறது எவ்வளவு கௌரவமான பேரு வே."

"உக்கார நேரம் இல்ல" உலகம்மாள் சொன்னா. குரல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. "சோறு உங்களுக்கு ஆக்குனது மாப்பிள. நீங்க குரங்குக்குக் குடுங்க, புலிக்குக் குடுங்க, அது உங்க இஷ்டம். சட்டி என் சட்டி. நல்ல வேளை, ஆனை மரியாதை தெரிஞ்ச ஆனையாப் போச்சு. எழுதப் படிக்கவும் தெரியுதுங்கீய. குட்டி இந்நேரம் குளிச்சிருக்கும். போயி வாங்கிட்டு வாங்க. நாங்க இங்கனயே இருக்கோம்."

ஆவுடையப்பன் ஜெயசீலனப் பாத்தான். ஜெயசீலன் இந்தத் தடவையும் சொன்ன வாக்கக் காப்பாத்துனான். "இந்த ஓடையப் பிடிச்சே இறங்குனா ஆனை குளிக்கிற இடம் வந்துரும் சார். தூரம் கொஞ்சம் கூட. அட்டையும் அங்கதான் ஜாஸ்தி. நானும் கூட வர்றேன், உங்களத் தனியா விட மாட்டேன்."

பேண்ட்டச் சுருட்டிவிட்டுக்கிட்டு, வயித்தத் தூக்கிப் பிடிச்சு, ஆவுடையப்பன் சரிவுல இறங்குனான். பத்தடி போயிருக்க மாட்டான், மேல இருந்து உலகம்மாள் கூப்பிட்டா.

"மாப்பிள."

மனசு எரங்கிட்டாவ போலன்னு அவன் ஆசையாத் திரும்பிப் பாத்தான்.

"மூடியையும் கேட்டு வாங்குங்க."